ஹோல்டர்மன் அணை கசிந்ததே இல்லை

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை நியூ ஆர்டன் பொது நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடியிருந்தவர்கள்: வரலாற்றுக் கழகத்தின் தலைவரும் பல் மருத்துவருமான டாக்டர் வெஸ்லி கிரம்; கழகச் செயலாளரும் நூலகருமான மார்லீன் யோடர், தான் சுட்டெடுத்து வந்த எலுமிச்சைக் கேக்குடன்; 'ஏரிக்காட்சி இல்லங்கள்' என்ற குடியிருப்பைக் கட்டி விற்றுக்கொண்டிருக்கும் டுவெய்ன் பிக்கெட்; ஊரில் பாதிப் பேருக்கு வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற எர்னஸ்டீன் டால்பர்ட்; கடைசியாக, கார்னீலியா ஹோல்டர்மன் ஆகிய நான். சுவரில் என் தாத்தா ஆகஸ்டஸ் ஹோல்டர்மனும் படமாக இருந்தார். அவரையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது என் கருத்து. அவர் இல்லாமல் இந்த ஊர் எந்த முடிவும் எடுத்ததில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக அந்த ஒழுங்கைக் கெடுக்க வேண்டியதில்லை.

மனித நாகரிகம் ஆற்றங்கரைகளில் பிறந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிறந்திருக்கலாம். ஆனால் அது வளர்ந்து, தலைவாரி, கழுத்துப்பட்டை கட்டி, கையில் ஐஸ்கிரீமுடன் மாலை உலா வந்தது ஒஹாயோ மாநிலத்தில், எங்கள் குடும்பத்தின் ஏரிக்கரையில்.

அந்த ஏரிக்கரைப் பூங்கா இன்று இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைப்பதென்று கழகம் தீர்மானித்திருந்தது. பூங்காவின் நுழைவாயில் நின்ற துண்டு நிலம் இன்னும் என் பெயரில் இருக்கிறது. என் சம்மதம் இல்லாமல் அங்கே ஒரு கம்பம் நட முடியாது. மரியாதை கருதி என்னை அழைத்ததாக டாக்டர் கிரம் சொன்னார். இரண்டும் ஒன்றுதான்.

பலகையில் எழுத வேண்டியதை அவர் எழுந்து நின்று வாசித்தார். "'இவ்விடத்தில் ஹோல்டர்மன் ஏரிப் பூங்கா அமைந்திருந்தது. தலைமுறைகளுக்கு மகிழ்ச்சி அளித்தது. இயற்கைக் காரணங்களால் ஏரி மறைந்ததை அடுத்து மூடப்பட்டது.'"

"ரொம்ப அழகா இருக்கு டாக்டர்," என்றார் மார்லீன்.

"இயற்கைன்னா எது, வெஸ்லி?" என்று எர்னஸ்டீன் டால்பர்ட் கேட்டார்.

வாசித்துவிட்டு உட்கார்ந்த டாக்டர் கிரம் நாற்காலியில் நிமிர்ந்தார். இந்த ஊரில் அறுபது வயதுக்காரர்கள்கூட அந்தக் குரலுக்கு நிமிர்ந்துதான் உட்காருகிறார்கள். "பொதுவா... இயற்கைதான் டீச்சர்."

"மழையா, வெயிலா, பூகம்பமா?"

"அதுல ஏதாவது ஒண்ணு."

"பரீட்சையிலயும் இப்படித்தான் எழுதுவே. அப்பவும் நான் மார்க் போட்டதில்ல."

டுவெய்ன் பிக்கெட் சிரித்தார். அவரும் அந்த வகுப்பில் மார்க் வாங்காதவர்தான்.

"ஏரி ஏன் போச்சுன்னு அந்தப் பலகையில இருக்கணும்," என்றார் எர்னஸ்டீன். "அதுக்குத்தான் இந்தக் குளிர்ல கிளம்பி வந்தேன். அது இல்லாத பலகைன்னா என்னைக் கூப்பிட வேண்டாம், படம் எடுக்கையில பக்கத்துல நில்லுங்கன்னு கெஞ்சவும் வேண்டாம்."

டாக்டர் கிரம் என்னைப் பார்த்தார். தொட்டால் வலிக்குமோ என்று சந்தேகம் தரும் ஒரு பல்லைப் பார்க்கும் பார்வை அது. "பழசெல்லாம் எதுக்கு டீச்சர்? மிஸ் ஹோல்டர்மன் பெரியவங்க, உட்கார்ந்திருக்காங்க..."

"நானும் பெரியவதான். நானும்தான் உட்கார்ந்திருக்கேன்."

எர்னஸ்டீனுக்கு என்ன வேண்டும் என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு என்ன வேண்டும் என்பதை ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே நடந்ததை இங்கே முறையாகப் பதிவு செய்கிறேன். குடும்பங்களின் கௌரவம் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதும் சுருக்கங்களில்தான் சேதமடைகிறது.

தாத்தா நியூ ஆர்டனுக்கு வந்தபோது இங்கே ஓர் ஓடையும் அதில் நிற்கும் மாடுகளும் தவிர வேறெதுவும் இல்லை. ஓடையின் குறுக்கே அவர் ஓர் அணை கட்டினார். கல்லை இந்தியானாவிலிருந்தும் கொத்தர்களை இத்தாலியிலிருந்தும் வரவழைத்தார். கல்லைவிடக் கொத்தர்கள்தான் கடினம் என்பார். அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கியது. தேங்கிய தண்ணீருக்குத் தன் பெயரை வைத்தார். டிராம் கம்பெனி ஊரிலிருந்து கரை வரைக்கும் தண்டவாளம் போட்டது. ரோலர் கோஸ்டர் வந்தது, குதிரை ராட்டினம் வந்தது, நடன மண்டபமும் பேண்டு வாத்தியமும் வந்தன. ஒஹாயோவின் இந்தப் பகுதியில் கல்யாணம் ஆனவர்களில் பெரும்பாலோர் எங்கள் மண்டபத்தில்தான் முதலில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டார்கள்.

நுழைவாயில் வளைவில் ஆளுயர எழுத்தில் 'எல்லோரும் வருக' என்று எழுதியிருந்தது. 'எல்லோரும்' என்றால் யார் என்பதில் அப்போது ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மொழி அவ்வளவு தெளிவாக இருந்த காலம் அது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்களை மட்டும் எழுத்து எட்டவில்லை. கறுப்பர்கள் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லலாம். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் தாத்தா அவர்களை மறந்துவிட்டார் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. கோடை முடிந்து பூங்காவை மூடிய பிறகு, செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமையை முழுவதுமாக அவர்களுக்கே ஒதுக்கினார். அதற்கு 'நல்லெண்ண நாள்' என்று பெயர். அன்று பேண்டுக்கு ஓய்வு. ரோலர் கோஸ்டருக்கும் ஓய்வு. ஐஸ்கிரீம் இயந்திரத்தைக் கழுவி உறை போட்டு மூடியிருப்பார்கள். மீதி எல்லாம், அதாவது ஏரியும் வானமும், அவர்களுக்குத் திறந்திருக்கும்.

மறுநாள் காலை எங்கள் குடும்பம் முழுவதும் நல்ல உடுப்பு உடுத்தி அணைக்குப் போகும். தாத்தா தொப்பியைக் கழற்றிவிட்டு மதகின் இரும்புச் சக்கரத்தைத் திருப்புவார். தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறும். பிள்ளைகளுக்கு ஆப்பிள் சாறும் டோனட்டும் உண்டு. இதற்கு 'ஏரியைக் குளிப்பாட்டுவது' என்று பெயர். பனியும் வசந்த மழையும் ஏரியை மறுபடி நிரப்பிவிடும். தீட்டு என்ற சொல்லை நாங்கள் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. சுகாதாரம் என்றுதான் சொன்னோம். ஓடையின் மேற்பக்கத்தில் பண்ணை மாடுகள் கோடை முழுவதும் வயிறு வரை தண்ணீரில் நின்று, மாடுகள் செய்யக்கூடிய அனைத்தையும் செய்தன. மாடுகளுக்காக மதகு திறந்ததில்லை. மாடுகளை எங்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும்.

தாத்தாவுக்குப் பின் என் அப்பா லீலண்ட் பொறுப்பேற்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளில் ரோஸ்கோ டால்பர்ட் என்ற தபால்காரர் எங்கள்மீது வழக்குப் போட்டார். நம் எர்னஸ்டீனின் தகப்பனார். போரில் கடற்படையில் இருந்தவர். பசிபிக் பெருங்கடல் அவரை ஆட்சேபணை இல்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தது. அந்தக் கடலுக்கு நிர்வாகம் என்று ஒன்று கிடையாது.

டிக்கெட் விற்கும் இடம் என்றால் கேட்பவர் எல்லோருக்கும் எல்லா நாளும் விற்க வேண்டும் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். அந்த நீதிபதி தன் மனைவியைச் சந்தித்ததே எங்கள் நடன மண்டபத்தில். ஒருவேளை அந்தக் கோபமாகவும் இருக்கலாம்.

சட்டத்தை மதிக்கும் குடும்பம் எங்களுடையது. டிக்கெட் விற்பதை உடனே நிறுத்தினோம். பூங்கா 'ஹோல்டர்மன் ஏரிச் சங்கம்' ஆயிற்று. வாசலில் டிக்கெட்டுக்குப் பதிலாக உறுப்பினர் அட்டை கொடுத்தோம். நிறம், விலை, அளவு எல்லாம் பழைய டிக்கெட்டைப் போலவே இருந்தன. புதியவர் சேர இரண்டு உறுப்பினர்கள் சிபாரிசு செய்ய வேண்டும் என்று விதிகளை எழுதியவர் என் அத்தை ஹார்டென்ஸ். அவரே வாசல் ஜன்னலிலும் உட்கார்ந்தார். பதினேழு வயதான நான் பக்கத்தில் உட்கார்ந்து சில்லறை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் ரோஸ்கோ டால்பர்ட் ஜன்னலுக்கு வந்தார். பக்கத்தில் மஞ்சள் நீச்சல் உடையில் பதினொரு வயதுப் பெண்.

"ரெண்டு டிக்கெட் கொடுங்கம்மா."

"டிக்கெட்டெல்லாம் கிடையாது. இது சங்கம்," என்றார் அத்தை.

"அப்ப சேந்துக்கறோம்."

"ரெண்டு உறுப்பினர் சிபாரிசு பண்ணணும். உனக்கு யாரையாவது தெரியுமா?"

"எல்லாரையும் தெரியும். எல்லார் வீட்டுக்கும் தபால் கொடுக்கறேன்."

"சிபாரிசு பண்றவங்க யாராவது தெரியுமான்னு கேட்டேன். ஓரமா நில்லு, பின்னால ஆள் வருது."

பின்னால் வந்தவர் டோலிடோவைச் சேர்ந்த ஒரு லாரி ஓட்டுநர். உடன் மனைவியும் நாலைந்து பிள்ளைகளும். அத்தை புன்னகையுடன் எல்லோருக்கும் அட்டை கொடுத்தார்.

"இவங்கள யாரு சிபாரிசு பண்ணாங்க?" என்று ஓரத்திலிருந்து ரோஸ்கோ கேட்டார்.

"பாத்தாலே தெரியுதே!"

ரோஸ்கோ தலையாட்டிக்கொண்டார். பிறகு லாரி ஓட்டுநரிடம் திரும்பினார். "சார், ஒரு உதவி. நீங்க இப்ப இந்தச் சங்கத்துல உறுப்பினர்."

"நானா?" அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பசங்க ராட்டினம் சுத்தணும்னு ஒரே பிடிவாதம், அதான் வந்தோம். சங்கம் கிங்கம்னு யாரும் சொல்லலையே. மாசாமாசம் கூட்டத்துக்கு வரணுமா?"

"வேண்டாம். எங்க ரெண்டு பேரையும் சிபாரிசு பண்றேன்னு இந்த அம்மாகிட்ட சொன்னா போதும்."

"அவ்வளவுதானா? பண்றேன்."

"நானும் பண்றேன்," என்றார் அவர் மனைவி. "வெயில் மண்டையைப் பொளக்குது. புள்ள எவ்வளவு நேரமா நிக்குது பாருங்க."

அத்தை தன் விதிகளைத் தானே ஒருமுறை வாசித்துப் பார்த்தார். அதில் ஓட்டை இல்லை. எழுதிய கையாலேயே அட்டையைக் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் விதி என்றால் விதி.

அன்று எர்னஸ்டீன் ஏரியில் முழங்கால் வரை இறங்கினாள். அவள் இறங்கிய வேகத்தைவிட மற்றவர்கள் கரையேறிய வேகம் அதிகம். டோலிடோப் பிள்ளைகள் மட்டும் ஏறாமல் அவள்மீது தண்ணீர் அடித்து விளையாடின. அந்த ஊரில் வளர்ப்பு அப்படி.

இரவு உணவு மேசையில் குடும்பக் குழு கூடியது. அப்பா மாட்டிறைச்சி வறுவலை அறுத்துக்கொண்டே பேசினார். "வழக்கப்படி நாளைக்குக் காலையில குளிப்பாட்டணும்."

"லீலண்ட், இது ஜூலை," என்றார் அத்தை. "ஓடையில தண்ணி நூல் மாதிரி ஓடுது. விட்டா திரும்ப வராது."

"நம்ம அப்பா வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணாரு. ஏன்? அவங்க வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாங்க. ஒரு தடவை வந்தா ஒரு தடவை. இதுல ஜூலை எங்க வருது?"

மறுக்க முடியாத தர்க்கம். எல்லோரும் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு யோசித்தோம்.

சித்தப்பா கிளெமண்ட்தான் வழி கண்டுபிடித்தார். அவர் சட்டம் படித்தவர், பாதி வரைக்கும். "அந்தப் பொண்ணு எவ்வளவு ஆழம் இறங்குனா?"

"முழங்கால்," என்றேன் நான்.

"அப்ப முழங்கால் அளவுத் தண்ணிய விட்டா போதும். அதுக்குக் கீழ இருக்கிற தண்ணிய அவ தொடவே இல்லையே!"

"யாரோட முழங்கால்?" என்றார் அத்தை.

"அவ முழங்கால்தான். சின்னப் பொண்ணு. நமக்கு லாபம்."

'நனைந்த அளவே நீக்கம்' என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. விஞ்ஞானமும் சிக்கனமும் பரம்பரை வழக்கமும் ஒரே வாக்கியத்தில் கைகுலுக்கிக்கொண்ட தருணத்தை நான் நேரில் பார்த்தேன். இன்று பெரிய நிறுவனங்கள் ஆலோசகர்களை அமர்த்திக்கொண்டும் அடைய முடியாத தெளிவு அது.

மறுநாள் ஏரி ஒரு முழங்கால் குறைந்திருந்தது. ரோஸ்கோ மகளுடன் மறுபடி வந்தார். அவரும் மகளும் இப்போது இரண்டு உறுப்பினர்கள். இரண்டு உறுப்பினர்கள் புதியவர்களைச் சிபாரிசு செய்யலாம். ஒரு வாரத்துக்குள் அவர் தேவாலயத்தின் பாடகர் குழு முழுவதும் சங்கத்தில் சேர்ந்துவிட்டது. எங்கள் சங்க வரலாற்றில் அவரைப் போல ஊக்கத்துடன் ஆள் சேர்த்த உறுப்பினர் வேறு யாரும் இல்லை என்பதை நேர்மை கருதிச் சொல்லியாக வேண்டும்.

அவர் மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். தண்ணீரில் அவளைக் குப்புறப் படுக்க வைத்து வயிற்றுக்குக் கீழே கையை வைத்துப் பிடித்துக்கொள்வார். அவள் காலை உதைப்பாள்.

"கைய விட்டுடாதீங்கப்பா!"

"விட மாட்டேன். நீயா 'விடுங்க'ன்னு சொல்ற வரைக்கும் விடவே மாட்டேன்."

கரையில் சித்தப்பா கிளெமண்ட் அளவுகோலுடன் நின்று, ரோஸ்கோவுக்குத் தண்ணீர் எதுவரை இருக்கிறதென்று பார்த்துக்கொண்டார். இடுப்பு என்றால் மாலையில் ஓர் இடுப்பு. மார்பு என்றால் ஒரு மார்பு. சாப்பாட்டுக்கு முன் அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் திருப்புவார். டோனட் மட்டும் நிறுத்திவிட்டோம். தினமும் கொடுத்தால் பிள்ளைகளின் பல் கெட்டுவிடும் என்று அத்தை சொன்னார்.

ஏரி நாளுக்கு நாள் உள்ளே போயிற்று. உடை மாற்றும் அறைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சேற்று வயல் உண்டாயிற்று. அதில் பலகை போட்டோம். படகுகள் சேற்றில் சாய்ந்து படுத்தன. கெண்டை மீன்கள் வாயைப் பிளந்தன. மேற்குக் காற்று அடித்தால் நடன மண்டபத்தில் ஜோடிகள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

க்ளீவ்லண்டிலிருந்து வந்த ஒரு சீமாட்டி ஜன்னலில் கேட்டார்: "ஏரி எங்கங்க?"

"நேரா போங்க மேடம்," என்றார் அத்தை. "செருப்பக் கையில எடுத்துக்கங்க."

"போன வருஷம் இங்கேயே இருந்துச்சே!"

அப்பா அன்றே ஒரு பலகை எழுதி வைத்தார்: 'உங்கள் வசதிக்காக ஏரி சற்று நகர்த்தப்பட்டுள்ளது.' வாடிக்கையாளர்மீது இத்தனை அக்கறை கொண்ட நிர்வாகத்தை இப்போது எங்கே பார்க்க முடிகிறது?

பழைய வாடிக்கையாளர்கள் வரவில்லை. பேண்டுக்காரர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். மதகைத் திறக்காமல் விட்டால் போதும், ஏரி இருக்கும், பூங்கா இருக்கும், எல்லாம் இருக்கும். அத்தை ஒருமுறை இதை வாய்விட்டே சொன்னார். அன்று முதல் மேசையில் அவருக்கு வறுவல் கடைசியாகத்தான் வந்தது.

ஆகஸ்டில் ஒரு பிற்பகல். அணையின் அடியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. நூறு பேர் வந்து போன ஏரி ஒரு குட்டையாகி அணைக் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் அந்த அப்பாவும் மகளும் மட்டும். அவள் அன்று நன்றாகவே உதைத்தாள். மூச்சு வாங்கக் கரையேறி, "நாளைக்கு விடுங்கப்பா. நாளைக்கு நானே போயிடுவேன்," என்றாள். அணைமேல் நின்ற எங்களுக்கும் அது கேட்டது.

ரோஸ்கோ ஈரம் சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்தார். "மிஸ்டர் ஹோல்டர்மன், இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க."

"என்னத்த விடச் சொல்ற, ரோஸ்கோ?"

"இந்த மிச்சத் தண்ணிய. பொண்ணு நாளைக்குத் தானா நீந்திடுவா. அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணிக்கங்க. உங்க ஏரி."

"இது எங்க குடும்ப மானப் பிரச்சினை. உனக்குப் புரியாது."

"புரியுது சார். ஆனா மானத்துல நீச்சல் கத்துக்க முடியாதே. அதுக்குத் தண்ணிதான் வேணும்."

தரம் தாழ்ந்த வாதங்களுக்கு அப்பா பதில் சொல்வதில்லை. தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சக்கரம் கொஞ்சம் முரண்டு பிடித்தது. சித்தப்பா ஒரு பக்கம் பிடித்தார். அத்தையைக் கூப்பிட்டார்கள், அவரும் பிடித்தார். நான் தொப்பியை அணைச்சுவர்மேல் வைத்துவிட்டு நான்காவதாகக் கை கொடுத்தேன். கீழே மஞ்சள் உடையில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் அவள் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு வந்தது, கணுக்காலுக்கு வந்தது, பிறகு சேறு.

ரோஸ்கோ அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பலகைகள்மேல் நடந்து போனார். வாசலில் இரண்டு உறுப்பினர் அட்டைகளையும் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். முறைப்படி ராஜினாமா செய்தவர் அவர் ஒருவர்தான்.

நீதிமன்ற உத்தரவை நாங்கள் மீறினோம் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லோரையும் சமமாக நடத்தச் சொன்னார்கள். நடத்தினோம். அந்தக் கோடைக்குப் பின் எங்கள் ஏரியில் எந்த நிறத்தவரும் குளிக்கவில்லை. முழுமையான சமத்துவம் ஒஹாயோவில் முதன்முதலாக எட்டப்பட்ட இடம் எங்கள் நிலம். ரோலர் கோஸ்டரை விறகுக்கு விற்றோம். ராட்டினக் குதிரைகள் கலிஃபோர்னியாவில் ஒரு வணிக வளாகத்தில் சுற்றுவதாகக் கேள்வி. ஏரி இருந்த பள்ளத்தில் பல காலம் சோளம் விளைந்தது. இப்போது டுவெய்ன் பிக்கெட்டின் 'ஏரிக்காட்சி இல்லங்கள்' இருக்கின்றன. வீடுகள் ஏரியின் நடுவிலேயே இருப்பதால் காட்சி மிக அருகில்.

இனி நூலகத்துக்குத் திரும்புகிறேன்.

"மறுநாள் நான் மட்டும் சைக்கிள்ல போய்ப் பாத்தேன்," என்று எர்னஸ்டீன் சொல்லிக்கொண்டிருந்தார். "மீனெல்லாம் செத்துக் கிடந்துச்சு. எனக்கு இன்னிக்கு வரைக்கும் நீச்சல் தெரியாது, வெஸ்லி. வேற எங்கேயும் கத்துக்கத் தோணல. நீ இயற்கைங்கற."

டாக்டர் கிரம் கேக்கை வாயில் வைத்துக்கொண்டார். மெல்லுகிறவரைப் பேசச் சொல்ல முடியாது.

அப்போது டுவெய்ன் பிக்கெட் மேசையைத் தட்டினார். "நான் ஒண்ணு சொல்லவா? இயற்கைன்னு போட்டா வறட்சின்னு நெனப்பாங்க. வீடு வாங்க வர்றவன் குழாயத் திறந்து பாத்துட்டு ஓடிடுவான். டீச்சருக்குக் காரணம் வேணும். மிஸ் ஹோல்டர்மன் மனசு புண்படக் கூடாது. எனக்கு வீடு விக்கணும். 'பழைய அணை, கசிஞ்சு ஏரி வத்திப்போச்சு'ன்னு போடுங்க. ஊர்ல எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?"

"கசிவு," என்றார் டாக்டர் கிரம், வாயைத் துடைத்துக்கொண்டு. "நல்ல வார்த்தை. யாரையும் புண்படுத்தாது."

"எங்க தாத்தாவே சொல்வாரு," என்றார் டுவெய்ன். "ஹோல்டர்மன் அணையா, அது சல்லடைடான்னு."

சல்லடை!

நான் தாத்தாவின் படத்தைப் பார்த்தேன். அவர் முகம் மாறவில்லை. ஆனால் அவருடைய முகம் எதற்குமே மாறியதில்லை.

"கசிவுங்கறதுக்கு ஆதரவா கைய தூக்குங்க," என்றார் டாக்டர். மூன்று கைகள் உயர்ந்தன. எர்னஸ்டீன் கையை மடியிலேயே வைத்திருந்தார். அவர் மேசைக்குக் குறுக்கே என்னைப் பார்த்து, வகுப்பில் பின்வரிசைப் பிள்ளையை எழுப்பும் அதே நிதானமான குரலில் கேட்டார்:

"மிஸ் ஹோல்டர்மன், உங்க தாத்தா கட்டுன அணை கசிஞ்சுதா?"

நான் கைத்தடியை ஊன்றி எழுந்தேன். எண்பது வயதைத் தாண்டியவர்கள் ஒரு கூட்டத்தில் எழுந்தால் மற்றவர்களும் எழ வேண்டும். மார்லீன் மட்டும் எழுந்தார்.

"கசியலை," என்றேன். "ஒரு சொட்டுகூடக் கசியலை. அந்தக் கல்லுக்கு நடுவுல இன்னிக்குப் போய் ஒரு பேனாக் கத்திய நுழைச்சுப் பாருங்க."

"அப்ப தண்ணி எப்படிப் போச்சு மேடம்?" என்றார் டுவெய்ன்.

"மதகு வழியா."

"மதகு உடைஞ்சிடுச்சா?"

"ஹோல்டர்மன் மதகு உடையாது, மிஸ்டர் பிக்கெட். நாங்க திறந்தோம்."

"யாரு?"

"நாங்கதான். எங்க அப்பா, சித்தப்பா, அத்தை, நான். வெளியாள் யாரும் அந்தச் சக்கரத்தத் தொட்டதே இல்ல. அது குடும்பத்துக்கு மட்டும் உள்ள உரிமை."

"மிஸ் ஹோல்டர்மன், போதும், உட்காருங்க," என்றார் டாக்டர் கிரம்.

"எதுக்குத் திறந்தீங்க?" என்றார் எர்னஸ்டீன்.

"நீ குளிச்சதுக்கு," என்றேன். "தினமும் நீ குளிச்சே. தினமும் நாங்க திறந்தோம். எங்க அணை எங்க இஷ்டப்படிதான் நடந்துச்சு. கடைசி வரைக்கும்."

எர்னஸ்டீன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"மார்லீன், எழுதிக்கிட்டியாம்மா?"

"எழுதிட்டேன் டீச்சர்."

"ஒரு தடவை வாசி. அவங்க சொன்னதுல ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது."

மார்லீன் வாசித்தார். நானே இரண்டு இடங்களில் திருத்தினேன். 'ஏரி வெளியேறியது' என்று அவர் எழுதியிருந்ததை 'ஹோல்டர்மன் குடும்பத்தார் தம் கைகளால் வெளியேற்றினார்கள்' என்று மாற்றச் சொன்னேன். செய்தவர் இல்லாத வாக்கியங்கள் எனக்குப் பிடிக்காது.

"மேடம், யோசிங்க," என்றார் டுவெய்ன். "இரும்புல வார்த்துடுவாங்க. அப்புறம் அழிக்க முடியாது."

"அழிக்க முடியாதுங்கறதாலதான் சம்மதிக்கிறேன்," என்று சொல்லி அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பலகை இப்போது நுழைவாயில் இருந்த இடத்தில் நிற்கிறது. அதில் உள்ளது இதுதான்: 'ஹோல்டர்மன் ஏரிப் பூங்கா. இந்த ஏரி வற்றவில்லை. அணை கசியவும் இல்லை. எல்லோரும் வரலாம் என்று சட்டம் சொன்ன கோடையில், ஒரு சிறுமி இதில் நீச்சல் கற்றுக்கொண்டிருந்தபோது, ஹோல்டர்மன் குடும்பத்தார் தம் கைகளால் நீரை வெளியேற்றினார்கள்.' சிறுமியைப் பற்றிய பகுதி எர்னஸ்டீன் சேர்த்தது. அதில் தகவல் பிழை இல்லாததால் நான் ஆட்சேபிக்கவில்லை. எழுத்து தெளிவாக இருக்கிறது. சாலையிலிருந்தே படிக்கலாம். கார்கள் நிற்கின்றன. 'ஏரிக்காட்சி இல்லங்கள்' வாசிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். பிள்ளைகள் படித்துவிட்டு அணையைப் பார்க்காமல் அங்கே நிற்கும் என்னைத் திரும்பிப் பார்க்கின்றன. குடும்பத்தின் பெயர் ஊரில் மறுபடி பேசப்படுகிறது.

திறப்பு விழா அன்று நான் எர்னஸ்டீன் டால்பர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டதாகவும், இருவரும் அழுததாகவும் ஊரில் ஒரு வதந்தி உலவுகிறது. தேவாலயத்தில்கூடச் சொன்னார்களாம். அது முற்றிலும் தவறு. படியில் ஈரம் இருந்தது, அவர் கை கொடுத்தார், நான் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு எதுவும் நான் கேட்கவில்லை.